புளிப்புச் செர்ரியில் வீட்டு மது: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

ஜூலை பிறந்ததும் போலந்தின் சந்தைகளில் புளிப்புச் செர்ரி வந்து குவியத் தொடங்கும். கிராக்கோவ் நகரின் ஸ்தாரி க்ளெபாஷ் போன்ற பழைய சந்தைகளில் அதைக் கிலோக் கணக்கில் வாங்கிச் செல்பவர்களில் பலர் வெறும் வாயில் தின்பதற்காக வாங்குவதில்லை. ஒரு பங்கு ஜாமுக்குப் போகும், ஒரு பங்கு குளிர்காலத்துக்கென உறைபெட்டிக்குள் போகும், மிச்சம் அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடிக்குள் போய் விஷ்னியூஃப்கா என்ற செந்நிற மதுவாகும். பழத்தை ஆல்கஹாலில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்து, வடித்து, சில மாதங்கள் வைத்திருந்து குடிக்கும் இவ்வகை மதுக்களைப் போலந்துக்காரர்கள் பொதுவாக நலெஃப்கா என்பார்கள். ருமேனியாவின் விஷினாத்தா, போர்த்துகலின் ஜின்ஜா, பிரான்சின் கின்யோலே ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

முதன்முறையாக வீட்டில் மது செய்ய விரும்புபவர்களுக்கு நான் இந்த முறையையே பரிந்துரைப்பேன். இதில் ஆல்கஹாலை நாம் உண்டாக்குவதில்லை. உரிமம் பெற்ற ஆலை தயாரித்து, வரி செலுத்தி விற்கும் ஆல்கஹாலை வாங்கி, அதில் பழத்தின் சாற்றையும் மணத்தையும் ஏற்றுகிறோம். அதனால் பாதி ஆபத்து தொடக்கத்திலேயே விலகிவிடுகிறது. மீதிப் பாதியும் பெரும்பாலும் ஜாடியை மூடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடும்: எந்த ஆல்கஹாலை வாங்கினோம், பழத்தின் கொட்டையை என்ன செய்தோம், கலவையின் வீரியம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் சரியான விடை இருந்தால், பிறகு நடப்பவற்றில் தவறினாலும் சுவைதான் கெடும், உடல் கெடாது.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரி செலுத்திய மதுவில் பழத்தைச் சொந்தப் பயன்பாட்டுக்காக ஊறவைப்பது போலந்தில் வீட்டுச் சமையலின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. ஆனால் அங்கும், பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும், உரிமமின்றி மதுவைக் காய்ச்சி வடிப்பது குற்றம். செய்த மதுவை விற்பதற்கும் தனி உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அனுமதியின்றி மது தயாரிப்பதையே தடைசெய்கிறது. ஆகவே அங்கே வசிப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். மற்ற இடங்களில் வாழும் தமிழர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தையும், மாநிலத்துக்கோ மாகாணத்துக்கோ தனி விதி இருந்தால் அதையும் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

எந்த ஆல்கஹால்

போலந்தின் கடைகளில் 95 அல்லது 96% வீரியமுள்ள உணவுத்தர எரிசாராயம் 500 மி.லி. புட்டிகளில் வெளிப்படையாகவே விற்கப்படுகிறது. அது கிடைக்காத நாடுகளில் 40% வோட்கா போதும். விலையுயர்ந்த வோட்கா தேவையில்லை. மணமற்ற, நிறமற்ற, முத்திரை உடையாத, வரிவில்லை ஒட்டிய புட்டியாக இருந்தால் சரி. தெரிந்தவர் கொடுத்தார், ஊரில் காய்ச்சியது, பாதி விலைக்குக் கிடைத்தது என்று கைமாறி வரும் பெயரில்லாத திரவத்தை எவ்வளவு நெருங்கியவர் கொடுத்தாலும் தொடக்கூடாது. காயத்துக்குத் தடவும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், வார்னிஷ் கடையில் விற்கும் ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர் ஆகியவற்றை எந்த வகையில் வடிகட்டினாலும் குடிக்கத்தக்கதாக மாற்ற முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது அதுதான். 2012 செப்டம்பரில் செக் குடியரசிலும் மெத்தனால் கலந்த மது பலரைக் கொன்றது. 20 விழுக்காட்டுக்கு மேல் வீரியமுள்ள மதுவகைகளின் விற்பனையையே அந்நாட்டு அரசு சில நாட்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. இரண்டு இடங்களிலும் மனிதர்கள் குடித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் கலக்கப்பட்ட சரக்கு. மெத்தனாலை நாக்கும் மூக்கும் பிரித்தறிவதில்லை. கொளுத்திப் பார்த்துச் சுடரின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சையும் நம்ப முடியாது. குடித்துப் பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கல், கடும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிகள் தெரியக்கூடும். அப்படி யாருக்காவது ஏற்பட்டால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எரிசாராயத்தைக் கையாளும்போது தீயையும் நினைவில் வைக்க வேண்டும். 95% ஆல்கஹாலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. அடுப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட் எதுவும் அருகில் இல்லாமல், சன்னல் திறந்த அறையில் அளந்து ஊற்றுங்கள். எக்காரணத்துக்காகவும் அதை அடுப்பில் ஏற்றிச் சூடாக்காதீர்கள்.

பழம்

புளிப்புச் செர்ரியைப் போலந்தில் விஷ்னியா என்றும் இனிப்புச் செர்ரியைச் செரெஷ்னியா என்றும் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கிறார்கள்; இரண்டும் வெவ்வேறு இன மரங்கள். மதுவுக்கு ஏற்றது விஷ்னியா. போலந்தில் வுத்தூஃப்கா என்ற வகையும், வட அமெரிக்காவில் மான்ட்மோரன்சி என்ற வகையும் பரவலாகக் கிடைக்கின்றன. இனிப்புச் செர்ரி மட்டுமே கையில் இருந்தால், கிலோவுக்கு ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேர்த்துச் சர்க்கரையைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மது வெறும் தித்திப்பாகப் போய்விடும். இந்தியாவிலும் இலங்கையிலும் கேக்குக்கென விற்கப்படும் பளபளப்பான சிவப்புச் 'செர்ரி' பல நேரங்களில் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாக்காய்தான். அது இந்த வேலைக்கு உதவாது.

பழம் நன்கு பழுத்து, காம்பருகே உறுதியாக இருக்க வேண்டும். பூஞ்சை பிடித்த பழத்தில் கெட்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். பூஞ்சையின் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை, ஆல்கஹாலும் அதைப் போக்காது. குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, காம்பு நீக்கி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். பருவம் தவறியவர்கள் உறையவைத்த செர்ரியைத் தயங்காமல் வாங்கலாம். உறைந்து உருகும்போது பழத்தின் உயிரணுச் சுவர்கள் கிழிந்துவிடுவதால் சாறு இன்னும் விரைவாக இறங்கும். பெரும்பாலும் கொட்டை நீக்கியே விற்கப்படுகிறது என்பது கூடுதல் வசதி. உருகும்போது வடியும் சாற்றையும் பழத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

கொட்டையை என்ன செய்வது

இந்தக் கேள்வியில்தான் பழைய செய்முறைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில குடும்பங்களில் கொட்டையோடு முழுப்பழத்தையே போடுவார்கள். சிலர் கொட்டைகளில் ஒரு பங்கை உடைத்து, மெல்லிய துணியில் முடிந்து ஜாடிக்குள் தொங்கவிடுவார்கள். அப்படிச் செய்தால் மதுவில் கசந்த பாதாமின் மணம் ஏறும், அது இனிமையானது என்பதும் உண்மை. ஆனால் அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். செர்ரிக் கொட்டையின் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. பருப்பு நசுங்கும்போது அதிலுள்ள நொதிகள் அமிக்டலினைச் சிதைக்கின்றன. சிதைவில் சர்க்கரை, பாதாம் மணம் தரும் பென்சால்டிஹைடு, நச்சுப்பொருளான ஹைட்ரஜன் சயனைடு ஆகிய மூன்றும் வெளிப்படுகின்றன. மணமும் நஞ்சும் ஒரே மூலக்கூற்றின் இரு துண்டுகள் என்பதால், ஒன்றை மட்டும் வடித்தெடுக்க வீட்டில் வழியில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சயனைடு சார்ந்த பொருட்கள் ஆல்கஹாலோடு சேர்ந்து, நாளாக ஆக, எத்தில் கார்பமேட்டாக மாறுகின்றன. வெளிச்சம் பட்டால் இந்த மாற்றம் வேகமெடுக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என அதை 2007இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கல்கொட்டைப் பழங்களிலிருந்து காய்ச்சி வடிக்கும் மதுக்களில் அதைக் குறைக்கும் வழிமுறைகளை 2010இல் ஐரோப்பிய ஆணையம் பரிந்துரையாக வெளியிட்டது. ஆலைக்காரர்களிடம் அளந்து பார்க்கக் கருவி இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆகவே புதியவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே: எல்லாக் கொட்டைகளையும் நீக்கிவிடுங்கள். பாரம்பரியச் சுவை குறைகிறதே என்று வருந்துபவர்கள் உணவுத்தரப் பாதாம் எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளலாம். எனக்கு ஒரு சிறு துண்டு பட்டையும் மூன்று கிராம்புமே போதுமானதாகத் தோன்றுகிறது.

கொட்டை நீக்குவதற்கென்றே அழுத்துகருவி விற்கிறது. அது இல்லாதவர்கள் போலந்துப் பாட்டிமாரின் வழியைப் பின்பற்றலாம்: கொண்டை ஊசி ஒன்றைக் கொதிநீரில் போட்டெடுத்து, அதன் வளைந்த முனையைக் காம்பு இருந்த குழியில் செலுத்தி, கொட்டையின் அடியில் கொடுத்துச் சுண்டினால் கொட்டை தனியாகத் துள்ளி வெளியே வரும், பழம் உருக்குலையாது. சாறு பக்கத்துச் சுவர்வரை தெறிக்கும் என்பதால் ஆழமான பாத்திரத்துக்குள் கையை வைத்துச் செய்யுங்கள். உடையில் பட்ட கறை எளிதில் போகாது. நீக்கிய கொட்டைகளைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

வீரியக் கணக்கு

கொட்டை நீக்கிய ஒரு கிலோ செர்ரியில் ஏறத்தாழ 800 மி.லி. நீர் இருக்கிறது. ஊறும்போது அந்த நீரெல்லாம் வெளியே வந்து ஆல்கஹாலோடு கலந்துவிடும். சர்க்கரையும் கரைந்தபின் 100 கிராமுக்குச் சுமார் 60 மி.லி. இடத்தைப் பிடிக்கும். இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காதவர்களின் ஜாடிதான் புளித்து நுரைத்துப் பொங்குகிறது. ஈஸ்ட் 15 முதல் 18% ஆல்கஹால்வரை தாக்குப்பிடிக்கக்கூடியது; ஆகவே இறுதிக் கலவை 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது, 25ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நிம்மதி.

எரிசாராயம் கிடைப்பவர்கள் அதை முதலில் 60 விழுக்காட்டுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீரைச் சேர்த்து, 500 மி.லி. எரிசாராயத்தை மொத்தம் 790 மி.லி. ஆக்கினால் 60% கிடைக்கும். ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 630 மி.லி. எடுத்து நீரால் நிரப்புங்கள். கலக்கும்போது கலவை சற்று வெதுவெதுப்பாகி, கன அளவும் சிறிது சுருங்கும். ஆறியபின் குறியைப் பார்த்து நீரைச் சரிசெய்துகொள்ளலாம். இந்த ஒரு லிட்டருக்கு கொட்டை நீக்கிய செர்ரி 1 கிலோ, சர்க்கரை 400 கிராம். கணக்கிட்டால் மொத்தத் திரவம் சுமார் 2 லிட்டர், அதில் தூய ஆல்கஹால் 600 மி.லி., அதாவது ஏறக்குறைய 29%.

வோட்காவில் செய்பவர்களுக்குப் பழம் குறைய வேண்டும். 40% வோட்கா 1 லிட்டருக்கு 600 கிராம் செர்ரியும் 250 கிராம் சர்க்கரையும் சேர்த்தால் 24 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். இதே வோட்காவில் ஒன்றரைக் கிலோ பழத்தைத் திணித்து அரைக் கிலோ சர்க்கரையும் போட்டால் 16 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அது ஈஸ்டுக்கு வசதியான எல்லை. இறுக மூடிய ஜாடிக்குள் வாயு சேர்ந்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும்.

ஊறவைத்தலும் வடித்தலும்

ஜாடி கண்ணாடியாக இருக்க வேண்டும்; வீரியமான ஆல்கஹால் பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாத பொருட்களைக் கரைத்தெடுக்கும், புளிப்புச் சாறு அலுமினியத்தை அரிக்கும். சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுங்கள். பழத்தைப் போட்டு, பட்டையும் கிராம்பும் சேர்ப்பதானால் சேர்த்து, ஆல்கஹாலைப் பழம் முழுவதும் மூழ்கும்படி ஊற்றி மூடுங்கள். மேலே மிதந்து காற்றுப்படும் பழம்தான் முதலில் நிறம் மாறும். முதல் வாரத்தில் தினமும், பிறகு இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஜாடியை மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். சன்னலோரம் வெயிலில் வைப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தாலும் நான் அதை ஏற்கவில்லை; இருண்ட அலமாரியில் 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில் வைத்தால் நிறமும் மங்காது.

நான்கு முதல் ஆறு வாரங்களில் பழம் வெளிறி, திரவம் கருஞ்சிவப்பாகும். முதல் வடிப்பை வேறொரு புட்டியில் ஊற்றி மூடிவையுங்கள். ஜாடியில் தங்கிய பழத்தின்மேல் சர்க்கரை முழுவதையும் கொட்டி மூடி, தினமும் குலுக்குங்கள். பழத்துக்குள் தங்கிய ஆல்கஹாலையும் எஞ்சிய சாற்றையும் சர்க்கரை வெளியே இழுத்து, இரண்டு வாரங்களுக்குள் கெட்டியான சிவப்புப் பாகாக மாறும். இந்தப் பாகை முதல் வடிப்போடு சேர்ப்பதுதான் விஷ்னியூஃப்காவின் போலந்து வழி. சர்க்கரையை முதலிலேயே பழத்தோடு போட்டுச் சாறு விடவைத்து, பிறகு ஆல்கஹால் ஊற்றுவோரும் உண்டு. அந்த வரிசையில் ஆல்கஹால் சேரும்வரை பழம் காவலின்றி இருப்பதால் நொதிக்கத் தொடங்கிவிடக்கூடும். ஆல்கஹால் முதலில், சர்க்கரை பிறகு என்ற வரிசையில் எந்தக் கட்டத்திலும் பழம் வீரியம் குறைந்த திரவத்தில் கிடப்பதில்லை.

கலந்த மதுவை ஒரு வாரம் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, பிறகு காபி வடிதாளில் சொட்டுச் சொட்டாக இறங்கவிடுங்கள். துணியைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் பழச்சதை இறங்கி மது கலங்கிவிடும். தாள் அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள். இரண்டு லிட்டர் வடிய ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகலாம். வடித்ததை அடர்நிறப் புட்டிகளில் நிரப்பி, செய்த தேதி, பழம், ஏறத்தாழ எத்தனை விழுக்காடு என்பவற்றை எழுதி ஒட்டுங்கள். பார்ப்பதற்குச் சர்பத்தைப் போலவே இருப்பதால் இந்தச் சீட்டு வீட்டிலுள்ள குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தேவை. ஈயம் கலந்த படிகக் கண்ணாடிக் குடுவைகளில் பரிமாறலாம், சேமித்துவைக்கக் கூடாது. நாட்பட நாட்பட ஈயம் மதுவில் இறங்கும்.

செர்ரி வைன் செய்ய விரும்பினால்

நொதிக்கவைத்துச் செய்யும் வைன் அடுத்த படி. ஊறவைத்த மது ஒரு முறை சரியாக வந்தபின் தொடங்கலாம். நான்கரை லிட்டர் வைனுக்குக் கொட்டை நீக்கிய புளிப்புச் செர்ரி இரண்டரைக் கிலோ எடுத்து, கிருமிநீக்கம் செய்த வாளியில் நசுக்கி, நீர் சேர்த்து, கிருமிகளை அடக்கும் காம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு ஒரு நாள் மூடிவையுங்கள். மறுநாள் வைன் கலங்காமல் தெளிய உதவும் பெக்டின் நொதி, பிறகு திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.085 காட்டும்வரை சர்க்கரை, அதன்பின் வைன் ஈஸ்ட். ரொட்டி ஈஸ்ட் வேண்டாம். அது சுவையைக் கெடுக்கும். ஐந்தாறு நாட்கள் சக்கையோடு புளித்தபின் வடித்து, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் பொருத்திய குடுவைக்கு மாற்றுங்கள். அளவு 1.000க்குக் கீழே இறங்கி, இரண்டு வார இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால் மட்டுமே புட்டியில் அடைக்கலாம். அப்போது அது ஏறத்தாழ 11% வைனாக இருக்கும். நொதித்தல் முடியுமுன் அடைத்த புட்டி வெடிகுண்டுக்கு ஒப்பானது. பழத்தின் பெக்டினிலிருந்து வைனிலும் சிறிது மெத்தனால் உண்டாகும் என்றாலும், அது தீங்கு செய்யும் அளவை எட்டுவதில்லை.

இந்த வைனைக் காய்ச்சி வடித்து கிர்ஷ் போன்ற மதுவாக்கலாமே என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். சட்டம் தடுக்கிறது, அதற்கப்பால், ஆவியில் தீப்பற்றும் அபாயமும், தகுதியற்ற கலங்களின் பற்றவைப்பிலிருந்து ஈயம் இறங்கும் அபாயமும், கொட்டை ஏதும் கலந்திருந்தால் அதன் சயனைடு சார்ந்த பொருட்கள் வடிப்பில் சேரும் அபாயமும் வீட்டுச் சமையலறையில் கட்டுப்படுத்தக்கூடியவை அல்ல.

முதிர்ச்சியும் பரிமாறலும்

விஷ்னியூஃப்கா வடித்த அன்றே குடிக்கத்தக்கதுதான், ஆனால் அப்போது ஆல்கஹாலின் காரம் தனியாகவும் பழம் தனியாகவும் தெரியும். மூன்று மாதம் இருட்டில் இருந்தால் இரண்டும் இணங்கும். ஜூலையில் செய்ததைக் கிறிஸ்துமஸுக்குத் திறப்பது நல்ல கணக்கு. குளிர்ந்த, இருண்ட இடத்தில் ஓரிரு ஆண்டுகள் கெடாமல் இருக்கும், நிறம் மட்டும் மெல்லப் பழுப்பேறும். திறக்கும்போது சீறும் ஒலியோ குமிழோ, மேற்பரப்பில் படலமோ, வினிகர் வாடையோ இருந்தால் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

பரிமாறும் அளவு 40 மி.லி. கொள்ளும் சிறு குவளை. 29% மதுவாக இருந்தால் அந்தக் குவளையில் 9 கிராம் ஆல்கஹால் இருக்கும். இனிப்பும் புளிப்பும் காரத்தை மறைத்துவிடுவதால் மூன்று குவளை குடித்தவருக்கு ஒன்று குடித்ததுபோலவே தோன்றும். விருந்தினரிடம் வீரியத்தைச் சொல்லிவிட்டே ஊற்றுங்கள். வண்டி ஓட்டவிருப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், மெட்ரோனிடசோல் போன்ற மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. போலந்தில் ஓட்டுநரின் இரத்தத்தில் ஆயிரத்தில் 0.2 பங்கு ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சர்க்கரைப் பாகு வடித்தபின் மிஞ்சும் பழத்தை எறிய வேண்டாம். சிறு புட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அதே மதுவை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால், சாக்லேட் கேக்கின் அடுக்குகளுக்கிடையிலும் ஐஸ்கிரீமின் மேலும் வைத்துப் பெரியவர்களுக்குப் பரிமாறலாம். பழத்துக்குள்ளும் மதுவின் அதே வீரியம் இருக்கும் என்பதால், அந்தப் புட்டியிலும் சீட்டு ஒட்டிக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள்.